முதலில் யாரிடம் சொன்னீர்கள்?

ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி ஐம்பது நிமிடம். மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஏற்காட்டு மலைக்கு மேல் கறுத்த மேகம். மலையடிவாரத்தில் எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியில் பொட்டுத் தூறல் கிடையாது. புழுக்கம் மட்டும் தாராளமாக இருந்தது.

என் மனைவி சரஸ்வதி காரின் பின்கதவைத் திறந்தாள். திறந்த கையோடு மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க... இது என்ன பை?"

நான் எட்டிப் பார்த்தேன். பின்சீட்டில் ஒரு மஞ்சள் துணிப்பை. உள்ளே ஒரு தாம்பாளத் தட்டு. கறுத்து, தோல் வெடித்துப்போன ஒரு டஜன் வாழைப்பழம். ஆறு ஆப்பிள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், கற்கண்டு. எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் மகள் நிவேதாவின் கல்யாணப் பத்திரிகை.

பத்திரிகையின் மேல் என் கையெழுத்தில் ஒரு பெயர். பொன்னுசாமி. சரஸ்வதிக்கு ஒரே தம்பி. கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன்.

அந்தப் பையை மூன்று நாட்களுக்கு முன், வியாழக்கிழமை, சேந்தமங்கலத்துக்கு எடுத்துப் போனவன் நான். பத்திரிகை வைக்க என்றே போனவன். போய், உட்கார்ந்து, பேசி, சாப்பிட்டு, திரும்பி வந்தவன். "வெச்சாச்சுங்களா?" என்று சரஸ்வதி கேட்டபோது, "ஆச்சு ஆச்சு" என்று சொன்னவன்.

பொய் சொல்லவில்லை, வாசகர்களே. வைத்துவிட்டேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சரஸ்வதி திட்டவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பின்சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் திட்டவில்லை என்றால் விஷயம் பெரிது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குலதெய்வத்துக்கு அடுத்தபடி முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. தபாலில் அனுப்ப முடியாது, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கொலைக்குற்றம். நேரில் போய், நின்று, தட்டோடு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால்? அவர் வர மாட்டார். அவர் வராவிட்டால் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட ஆள் கிடையாது, மாமன் சீர் கிடையாது. பெண்ணின் அம்மா மண்டபத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

அதிலும் பொன்னுசாமி விஷயம் இன்னும் நுணுக்கமானது. இரண்டு வருடத்துக்கு முன் தன் மகனுக்கு நிவேதாவைக் கேட்டார். முறை இருக்கிறது, கேட்டார். நிவேதா, "சின்ன வயசுல இருந்து ஒண்ணா வளந்துட்டோம் மாமா, அப்படி நினைக்க முடியல" என்று சொல்லிவிட்டாள். "சரி சாமி, உன் இஷ்டம்" என்றார். அதோடு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எடுக்காத பேச்சுதான் நீண்ட நாள் இருக்கும். இப்போது மோகனூரில் வேறு ஒரு வீட்டில் சம்பந்தம் பேசி, நாள் குறித்து, பத்திரிகை அடித்து, அவர் வீட்டுக்கே போய், அவர் சோற்றைத் தின்றுவிட்டு, பத்திரிகையைக் கண்ணில் காட்டாமல் திரும்பி வந்தால்... அவர் என்ன நினைப்பார்?

*

அந்த வியாழக்கிழமை என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

சரஸ்வதிக்கு முழங்காலில் ஊசி போட்டிருந்தார்கள். நல்ல நாள் தவறக் கூடாது என்று என்னைத் தனியாக அனுப்பினாள். "தம்பதியாத்தான் வெக்கணும்... பரவாயில்ல, என் தம்பிதான. நீங்க போய் வெச்சுட்டு வந்துருங்க." நான் போய்ச் சேர்ந்தபோது பத்து நாற்பது. பொன்னுசாமியின் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தார். உட்கார்ந்தேன்.

அப்போது பக்கத்துத் தோட்டத்தில் கடகடவென்று சத்தம்.

"போர் போடறாங்க மச்சான்" என்றார் பொன்னுசாமி. அவருக்குத் தெரியாமல் அந்த வட்டாரத்தில் பூமியில் ஓட்டை விழாது. இரண்டு ரிக் வண்டி வைத்து வடநாடு முழுக்கப் போர் போட்டவர்.

"ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்தர்றேன்" என்று எழுந்தேன்.

நான் போனபோது இருபத்தாறாவது ராடு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு ராடு இருபது அடி. வெறும் புழுதி. முப்பதாவது ராடில் கறும்பாறை. முப்பத்தைந்தில் கொஞ்சம் ஈரம். தோட்டத்துக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் நகர முடியுமா? நாற்பத்தோராவது ராடு, எண்ணூற்று இருபதாவது அடி... பீய்ச்சி அடித்தது தண்ணீர். என் வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. எனக்கே தண்ணீர் கிடைத்த மாதிரி சந்தோஷம்.

திரும்பி வந்தபோது மணி ஒன்று முப்பத்தைந்து. வீட்டில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொன்னுசாமி குளித்து, மடிப்புக் கலையாத வேட்டி கட்டி, நெற்றியில் விபூதியோடு இருந்தார். அவர் மனைவி பட்டுப்புடவையில் இருந்தார். கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது.

வியாழக்கிழமை, குருபகவானுக்கு ஏதோ பூஜை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வடை, பாயசத்தோடு சாப்பாடு. நாற்பத்தோராவது ராடைப் பற்றி விலாவாரியாகச் சொன்னேன். பொன்னுசாமி அவ்வளவாகப் பேசவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார். நானும் கையசைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த வாழைப்பழ வாசனைக்கு நடுவில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. விளக்கு குருபகவானுக்கு இல்லை. எனக்கு. மூன்று மணி நேரம், உடுத்திக்கொண்டு, இரண்டு பேரும் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

ஏன் அவர் கேட்கவில்லை என்கிறீர்களா? பத்திரிகையைக் கேட்டு வாங்குகிற தாய்மாமன் இந்த ஜில்லாவில் இதுவரை பிறக்கவில்லை.

*

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில மாதங்களாகத் தள்ளிப்போட்டு வந்த விஷயம்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் எண்ணும் பழக்கம் தெரியும். பூட்டை எத்தனை தடவை இழுத்துப் பார்ப்பேன், கேஸ் அடுப்பின் திருகுகளை எப்படி எண்ணுவேன் என்றெல்லாம் எழுதிக் கேலிக்கு ஆளாகியிருக்கிறேன். "வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், அப்படித்தான் இருப்பார்" என்று நீங்களும் விட்டுவிட்டீர்கள்.

போன பங்குனியில் ஒரு நாள் காரில் சேலம் டவுனுக்குப் போனேன். காய்கறி வாங்கினேன். டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை வாசலில் காரைக் காணோம் என்று பதறினேன்.

சிரித்துவிட்டீர்களா? எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அண்ணன் கடைசி நாட்களில் பெற்ற பிள்ளைகளையே யார் என்று கேட்டுவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். நமக்கும் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். அறுபத்தாறு வயது... கணக்கும் சரியாகத்தான் வந்தது.

மருத்துவர் ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். ஞாபகத்துக்கான பரிசோதனைகளை எல்லாம் முடித்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல், "ஸ்கூல் படிக்கும்போது எப்படி சார்?" என்றார்.

"நல்லா படிப்பேன். சாமான்தான் தொலைப்பேன்."

"என்ன தொலைப்பீங்க?"

"குடை. பதினொன்று."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தொலைச்ச குடையை எண்ணி வெச்சிருக்கீங்களா?"

பிறகு சரஸ்வதியை உள்ளே அழைத்து அரைமணி நேரம் பேசினார். அவள் அவ்வளவு உற்சாகமாகப் பேசி நான் பார்த்ததில்லை. மறுபடி ஒரு நாள் வரச்சொன்னார். அன்றுதான் சொன்னார். "இது இப்ப வந்த மறதி இல்ல சார். உங்க ஞாபகசக்தி நல்லா இருக்கு. சின்ன வயசுல இருந்தே உங்களுக்கு இருக்கறதுதான் இது. ஏ.டி.எச்.டி. கவனம் நிக்க வேண்டிய இடத்துல நிக்காது. பிடிச்ச இடத்துல நின்னா நகராது. குழந்தைங்களுக்கு மட்டும்தான்னு நினைக்கறோம். கண்டுபிடிக்காமலே வயசானவங்க நிறையப் பேர் இருக்காங்க."

"அப்ப நான் எண்ணறது?"

"அது நீங்களே உங்களுக்குப் போட்டுக்கிட்ட கடிவாளம்."

வெளியே வந்து புங்கமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அண்ணனுக்கு வந்தது எனக்கு இல்லை என்ற நிம்மதி. அப்புறம் ஒரு கோபம். முப்பத்து நான்கு வருடம் வங்கியில் ஒவ்வொரு நோட்டுக் கட்டையும் மூன்று தடவை எண்ணினேனே... ஒழுக்கம் என்று ஊரார் மெச்சினார்களே. அது பயமா? அந்தக் கோபம் சேலம் ஜங்ஷன் வரைக்கும்தான் இருந்தது. பயத்திலேயே முப்பத்து நான்கு வருடம் ஒரு ரூபாய் குறையாமல் ஓட்டியவன் லேசுப்பட்டவனா என்று தோன்றியது. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

சரஸ்வதி மட்டும் வீட்டுக்கு வந்ததும் ஒன்று சொன்னாள். "நிவேதா கல்யாணம் முடியற வரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க. பேரைக் கேட்டாலே மனசு சம்பந்தப்பட்டதும்பாங்க. பொண்ணுக்கும் இருக்குமோம்பாங்க. மோகனூர்க்காரங்க காதுக்குப் போனா என்ன ஆவும்?"

நியாயம்தானே? நானும் ஒப்புக்கொண்டேன். நிவேதாவுக்கு மட்டும் சொன்னோம். அவள், "என் பி.இ. கவுன்சலிங்குக்கு ஒரு நாள் முன்னாடியே கூட்டிட்டுப் போனீங்களே, அதுவுமாப்பா?" என்றாள்.

அதுவும்தான்.

*

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

சரஸ்வதி பின்சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். "அன்னைக்கு நீங்க போரைப் பாத்துட்டு வந்தப்ப மணி என்ன?"

"ஒன்று முப்பத்தைந்து."

"வியாழக்கிழமை ராகுகாலம் ஒன்றரைக்குத்தான ஆரம்பம்? ராகுகாலம் பொறந்துருச்சு, அதான் அன்னைக்கு வெக்கல, இன்னைக்கு ரெண்டு பேருமா வந்து வெக்கறோம்னு சொல்லிரலாம்."

அருமையான பொய். தைத்து வைத்த சட்டை மாதிரி எனக்கு அப்படியே பொருந்தியது. சரி என்று சொல்லிவிட்டுப் புதிதாகப் பழம் வாங்கினோம். அவள் முழங்காலில் பட்டை மாட்டிக்கொண்டு காரில் ஏறினாள். நான் பையை நானே எடுத்து முன்னால், அவள் மடியில் வைத்தேன்.

ராசிபுரம் தாண்டும்போது அந்தப் பொய்யில் ஒரு தையல் பிரிந்தது. ராகுகாலம் ஒன்றரைக்கு. நான் போனது பத்து நாற்பதுக்கு. நடுவில் இருந்த அவ்வளவு நல்ல நேரத்தில் நான் என்ன செய்தேன்? பக்கத்துத் தோட்டத்தில் ராடு எண்ணினேன். விளக்கேற்றிக் காத்திருந்த மனிதரிடம் என்ன சொல்வது? உன்னை விட எண்ணூறு அடிக் குழி முக்கியமாகப் போய்விட்டது என்றா?

"சொல்லிடலாமா?" என்றேன்.

"எதை?"

"உள்ளதை."

"என் தம்பிகிட்டயா? காலைல சொன்னா சாயங்காலம் மோகனூர்ல இருக்கும்."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. பொன்னுசாமி தங்கமான மனிதர். ஆனால் வாய்க்கு மூடி கிடையாது. போன வருடம் எனக்கு மூலத்துக்கு ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்று அவருக்கு மட்டும் போன் செய்தேன். அதை ரிக் வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். ஒரிசாவில் இருந்து எனக்கு நலம் விசாரித்துப் போன் வந்தது.

ஆக, இதுதான் என் முன்னால் இருந்த கணக்கு. சொல்லாவிட்டால் தாய்மாமன் இல்லாத கல்யாணம். சொன்னால்... கல்யாணமே என்ன ஆகுமோ. பேசிக்கொண்டே வந்தோம். முடிவு எடுக்காமலே சேந்தமங்கலம் வந்துவிட்டது.

*

பொன்னுசாமியின் மனைவி தண்ணீர்ச் சொம்போடு வந்தார். முகத்தில் சிரிப்பு அரைப்பங்குதான் இருந்தது. பொன்னுசாமி உள்ளேயிருந்து வரக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். பனியன், பழைய கைலி. வேண்டுமென்றேதான்.

"வா அக்கா. வாங்க மச்சான்." உட்காரவில்லை. "போர் பாக்க வந்தீங்களா? இன்னைக்கு இங்க எங்கயும் போடறதில்லீங்களே."

சரஸ்வதி என்னைப் பார்த்தாள். ராகுகாலம் அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எனக்கு வேறொன்று தெரிந்தது. கூடத்து மூலையில் அந்தக் குத்துவிளக்கு. எண்ணெய் வழித்து, திரி எடுத்து, சுவரோரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

"மாப்ள, அன்னைக்குப் பத்திரிகை கார்லதான் இருந்துச்சு. வெக்க மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா." அவர் தலையாட்டினார். "பாயசம் ரெண்டு டம்ளர் குடிச்சீங்க. அத மறக்கல. நாப்பத்தோராவது ராடுல தண்ணி வந்துச்சுன்னீங்க. அத மறக்கல. எம்பட பத்திரிகை மட்டும் மறந்துபோச்சு."

"எனக்கு ஒரு பிரச்சினை இருக்குது மாப்ள."

"எனக்குந்தான் இருக்குது. பொண்ணு கேட்டது தப்புன்னா நேரடியாச் சொல்லியிருக்கலாமே."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. உக்காருங்க, சொல்றேன்."

சொன்னேன். காரைத் தொலைத்தது, மருத்துவர், பதினொரு குடை, எல்லாம். அந்த ஆங்கிலப் பெயரையும் சொன்னேன். சரஸ்வதி முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பொன்னுசாமி நம்பவில்லை. "நீங்க பாங்குல மேனேஜரு. கோடிக்கணக்குல பணத்த எண்ணுன ஆளு. உங்களுக்குக் கவனம் இல்லைன்னா யாரு நம்புவா?"

"கவனம் நிக்காதுன்னு தெரிஞ்சதுனாலதான் மாப்ள எண்ணினேன். எண்ணாம விட்டா என்ன ஆகும்னு வியாழக்கிழமை பாத்தீங்கல்ல."

அவர் மனைவிதான் மெதுவாகச் சொன்னார். "நம்ம நிச்சயதார்த்தத்தன்னைக்கு இந்த அண்ணன் தாம்பூலப் பையெல்லாம் கொடுத்துட்டு, அவரு செருப்ப உட்டுட்டு வெறுங்காலோட பஸ் ஏறுனாரே. நாம கூடப் பேசிச் சிரிச்சமே..."

பொன்னுசாமி அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் காலையும் பார்த்தார். பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"உங்க அக்காவுக்கு. நிவேதாவுக்கு."

"அப்பறம்?"

"அப்புறம் நீங்கதான்."

"மோகனூர்ச் சம்பந்திக்கு?"

"தெரியாது. இன்னும் சொல்லல."

"உங்க தம்பிக்கு?"

"சொல்லல."

அவர் முதுகு நிமிர்ந்தது. கைலியைப் பார்த்துக்கொண்டார். எழுந்து உள்ளே போனார். போகிறபோதே மனைவியிடம், "வெளக்கப் பொருத்து" என்றார்.

வெள்ளை வேட்டியில் திரும்பி வந்தார். ஜமக்காளம் விரித்தார்கள். நானும் சரஸ்வதியும் நின்று தட்டைக் கொடுத்தோம். அவரும் மனைவியும் நின்று வாங்கிக்கொண்டார்கள். சரஸ்வதி அழுதாள். முழங்கால் வலி என்று சொன்னாள்.

"மச்சான், கல்யாணம் முடியற வரைக்கும் இந்தப் பேச்சு இந்த ஊட்டு நெலவாசலத் தாண்டாது. எனக்குத்தான மொதல்ல சொல்லியிருக்கீங்க. நான் பாத்துக்கறேன்."

பார்த்தீர்களா? நான் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது தவறான கேள்வி. சொல்வதா வேண்டாமா என்பதல்ல விஷயம். நம் ஊரில் செய்தி என்னவென்று யாரும் பார்ப்பதில்லை. வரிசை என்ன என்றுதான் பார்க்கிறார்கள். மூலத்தை வெறும் போனில் சொன்னேன், ஒரிசா வரை போனது. இதை வீடு தேடிப் போய், முன்னால் உட்கார்ந்து சொன்னேன். மூடியில்லாத வாய்க்கு மூடி வந்துவிட்டது.

*

கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்குச் செலவு குறைந்திருக்கும்.

திரும்பும் வழியில் நிவேதாவுக்குப் போன் செய்து, மாமாவிடம் சொல்லிவிட்டோம், மோகனூருக்குத் தெரியாமல் அவர் பார்த்துக்கொள்வார் என்றோம்.

"அப்பா... அவருக்கு நான் அப்பவே சொல்லிட்டேனே."

அவர் என்றால் மாப்பிள்ளை.

"எப்ப?"

"நீங்க எனக்குச் சொன்ன அன்னைக்கே. அவர் அவங்க அம்மா அப்பாகிட்டயும் சொல்லிட்டாரு. நீங்க கவலைப்படுவீங்கன்னுதான் உங்ககிட்டச் சொல்லல."

சரஸ்வதி போனைப் பிடுங்கினாள். "அவங்க என்ன சொன்னாங்க?"

"அவங்க அம்மா, 'எங்க ஊட்டுக்காரருக்கு ஒண்ணுமே மறக்க மாட்டேங்குது, அதான் தொந்தரவு. கொஞ்சம் மறந்தா நல்லதுதான்'னாங்க."

நான் அவர்களிடமிருந்து மறைத்தேன். அவர்கள் தெரிந்ததை என்னிடமிருந்து மறைத்தார்கள். இரண்டு பக்கமும் எவ்வளவு அக்கறை. சரஸ்வதி போனை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இத மட்டும் என் தம்பிகிட்டச் சொல்லிராதீங்க."

கல்யாணம் நன்றாக நடந்தது. பொன்னுசாமி முதல் நாள் காலையிலேயே வந்துவிட்டார். பட்டம் கட்டும்போது நிவேதாவின் தலையில் கை வைத்து, "நல்லா இரு சாமி" என்றார். மற்ற நேரமெல்லாம் என் வலதுபக்கம் நின்றார். "மச்சான், சாவி? மச்சான், செருப்பு?" இடதுபக்கம் மோகனூர்ச் சம்பந்தி. "கண்ணாடி இருக்குதுங்களா? போன் இருக்குதுங்களா?" இருவருக்கும் விஷயம் தெரியும். அடுத்தவருக்குத் தெரியாது என்று இருவருமே நினைத்துக்கொண்டு, ஒருவரிடமிருந்து ஒருவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நாள் முழுக்க எதையும் எண்ணாமல் இருந்தேன்.

பிறகு இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தேன். எழுதலாம் என்பதில் சந்தேகமே இல்லை. எல்லோரிடமும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பால்காரரிடம் நான் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. ஆனால் என் மறதியால் யார் மனம் நோகுமோ, அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்களும் அந்தக் கணக்கில் வருகிறீர்கள். எத்தனை கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை?

ஒரு சிக்கல். பொன்னுசாமியின் மனைவி வாராவாரம் இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுகிறவர். தான் முதல் ஆள் இல்லை என்பதை அச்சில் பார்த்து அவர் தெரிந்துகொள்வது முறையில்லையே. போன் செய்தேன்.

"சொல்லுங்க மச்சான். சாவியக் காணமா?"

"இல்ல மாப்ள. உங்களுக்குத்தான் முதல்ல சொன்னேன்னு நினைச்சேன். அப்படி இல்லையாம்." நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப நான் எத்தனாவது?"

"உங்க அக்கா, நிவேதா, மாப்பிள்ளை, அவங்க அம்மா, அப்பா... நீங்க ஆறாவது. டாக்டரைச் சேர்க்காம."

"டாக்டர எதுக்குச் சேக்கறீங்க." உடனே அடுத்த கேள்வி. "சேந்தமங்கலம் வந்தப்ப இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. திரும்பறப்பதான் தெரிஞ்சுது."

"இப்ப அக்கா சொல்லச் சொன்னாளா, நீங்களாச் சொல்றீங்களா?"

"நானாத்தான். அவ சொல்ல வேண்டாம்னா."

"சரி. அப்ப ஒரு கெடா."

"என்ன?"

"ஆறாவது ஆளா ஆக்குனதுக்கு அபராதம். நம்ம தோட்டத்துல விருந்து. சம்பந்திகளையும் கூப்பிடுங்க. நேர்ல போய்க் கூப்பிடுங்க. கூப்பிட்டுட்டு வந்தீங்களான்னு நான் போன் பண்ணிக் கேப்பேன்."

போன ஞாயிற்றுக்கிழமை விருந்து நடந்தது. பந்தியில் பொன்னுசாமியே எல்லோருக்கும் விஷயத்தைச் சொன்னார், அந்த ஆங்கிலப் பெயரோடு, நான்கு எழுத்தையும் சரியாக. நான் மாதக்கணக்கில் பயந்து கிடந்த நிமிடம் அது. இலையில் இருந்து ஒருவரும் தலை நிமிரவில்லை. யாரோ ஒருவர் மட்டும், "அப்பிடீங்களா, அந்தக் கொழம்ப இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றார்.

இரண்டாம் தட்டுக்குப் பழம் எழுநூற்று அறுபது. பெட்ரோல் ஆயிரத்து நூறு. கிடா பதின்மூன்றாயிரம். சமையல்காரருக்கும் மளிகைக்கும் இரண்டாயிரத்து அறுநூறு. மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

எனக்கு இருப்பது என்ன என்று கண்டுபிடிக்க மருத்துவர் வாங்கியது எண்ணூறு ரூபாய். அதை முறைப்படி சொல்லி முடிக்க ஆனது பதினேழாயிரத்து நானூற்று அறுபது.